லாரியின் இடப்பக்கம் நின்றவர்

மலேசியாவின் ஈப்போ நகரில், புந்தோங் பகுதியில் அந்த அக்காவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சைக்கிள் அக்கா என்றால் பசார் சந்தையில் மீன் விற்பவருக்கும் தெரியும், கோயில் குருக்களுக்கும் தெரியும். நானும் அவர் பெயரை எழுதப் போவதில்லை. இதை எழுதலாமா என்று போனில் கேட்டபோது அவரே சொல்லிவிட்டார்.

"என் பேரைப் போடாத தம்பி. பேரைப் போட்டா ஆளைப் பத்திப் பேசுவாங்க. ரோட்டைப் பத்திப் பேச மாட்டாங்க."

நான் லாரி ஓட்டுகிறவன். குனோங் ராபாட் பக்கம் சுண்ணாம்புக் குன்றுகளை ஒட்டிய ஒரு கல்குவாரியிலிருந்து ஜல்லி ஏற்றி, ஈப்போவைச் சுற்றியுள்ள கட்டுமான இடங்களுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவது வேலை. அவரைச் சந்தித்த காலையில் நான் அந்த வேலையில் சேர்ந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. ஒரு கீறல்கூட இல்லாத டிரைவர் என்று கம்பெனியில் எனக்குப் பேர்.

புந்தோங்கிலிருந்து டவுனுக்குப் போகும் வழியில் ஒரு முச்சந்தி. சிவப்பு விளக்கில் நின்றிருந்தேன். இடது பக்கம் திரும்ப சிக்னல் போட்டிருந்தேன். யாரோ இடது பக்கக் கதவைத் தட்டினார்கள். கண்ணாடியில் பார்த்தேன், ஆள் இல்லை. மறுபடியும் தட்டல். அப்புறம் லாரிக்கு முன்னால் ஒரு பெண்மணி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். பச்சை நிற சைக்கிள், முன்னால் கூடை. ஆஸ்பத்திரிச் சீருடைக்கு மேல், ரோடு கூட்டுகிறவர்கள் போடும் ஆரஞ்சு நிற மேலங்கி. தலையில் ஹெல்மெட். ஐம்பத்தைந்து வயது இருக்கும்.

அண்ணாந்து என்னைப் பார்த்தார்.

"தம்பி, சிவப்பு விழுந்ததுலேருந்து நான் உன் இடது பக்கத்துலதான் நிக்கிறேன். என்னைப் பாத்தியா?"

"இல்லக்கா."

"சிக்னல் போட்டிருக்க. பச்சை விழுந்தா வளைச்சிருப்ப. அப்ப நான் எங்க போயிருப்பேன்?"

விளக்கு பச்சையாகிவிட்டது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் பதறவில்லை. பின்னால் நிற்கிற வண்டிகளுக்குக் கொஞ்சம் பொறுங்கள் என்பதுபோல் உள்ளங்கையைக் காட்டினார். "இப்பப் பாத்துட்ட இல்ல. நான் முன்னால போறேன், நீ பின்னால வா," என்று சொல்லி சைக்கிளில் ஏறி, தன் பாதையின் நடுவிலேயே நிதானமாக மிதித்துக்கொண்டு போனார். ஆஸ்பத்திரிக்குப் பிரியும் சாலை வரை அவருக்குப் பின்னால் ஊர்ந்தே போனேன். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நான் செய்யாத தப்புக்கு நடுரோட்டில் நிற்கவைத்துக் கேள்வி கேட்டது மாதிரி இருந்தது.

மத்தியானம் பசாருக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் பாயிடம் இதைச் சொன்னேன். கடைக்காரர் பாய் எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து கூட்டாளி. கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"உன்னையும் கேட்டுருச்சா அந்த அக்கா? வெளிய பாரு மச்சான்."

கடை முன்னால் நாலு பழைய எண்ணெய் டின்களில் சிமெண்ட் நிரப்பி வரிசையாக வைத்திருந்தார். அது எதற்கென்று நான் அதுவரை கேட்டதில்லை. காலையில் நாஸ்தா சாப்பிட வருகிறவர்கள் அந்த இடத்தில் காரை இரண்டாவது வரிசையாக நிறுத்திவிட்டுப் போவார்களாம். அந்தப் பக்கம் வரும் சைக்கிள்கள் எல்லாம் ரோட்டின் நடுவுக்குப் போய்த் திரும்பவேண்டும். அக்கா ஒருநாள் கடைக்குள் வந்து, சண்டை எதுவும் போடாமல், தன் சைக்கிளைப் பாயிடம் நீட்டியிருக்கிறார். "பாய், கடையை அஞ்சு நிமிஷம் வீட்டுக்காரம்மா பாத்துக்கட்டும். நீங்க ஒருவாட்டி இதுல பசார் வரைக்கும் போய்ட்டு வாங்க."

"நான் சைக்கிள் தொட்டு இருபது வருசம் ஆச்சு லா," என்றார் பாய். "சரி, வயசான பொம்பள கேக்குதேன்னு கைலியை மடிச்சிக் கட்டிக்கிட்டு ஏறுனேன். நிறுத்தி வச்ச காரைச் சுத்தி நடுரோட்டுக்கு வந்தேன் பாரு. ஒரு பஸ் என் முழங்கையை உரசிட்டுப் போன மாதிரி. திரும்பி வந்து சைக்கிளைக் குடுத்தேன். அந்த அக்கா வாங்கிக்கிச்சு. டீ குடிச்சிட்டுப் போயிருச்சு. மறுநாள் நான் டின் வாங்கி சிமெண்ட் ஊத்துனேன்."

டின் வைத்தது சட்டப்படி சரியா என்று எனக்குத் தெரியாது. வாடிக்கையாளர்கள் சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். பாய் டின்னை எடுக்கவில்லை.

அக்கா எப்போதும் செய்தது இதுதான். ஒருவர் மீது கோபம் வந்தால் அவரைத் தன் இடத்தில் நிற்க வைத்துப் பார்ப்பார். அவர் இடத்தில் தான் போய் நின்றும் பார்ப்பார். அதைத் தவிர அவருக்கு வேறு சண்டை போடத் தெரியாது.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்தை விற்றபிறகு குடும்பத்தோடு புந்தோங்குக்கு வந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளும் வேலை. கணவர் காலமாகி ரொம்ப வருடம். ஒரே மகள் லூமுட்டில், மருமகன் அங்கே கடற்படையில். காலை ஷிப்டுக்கு ஐந்தே முக்காலுக்கு வீட்டைவிட்டுக் கிளம்புவார். மோட்டோசைக்கிள் ஓட்டுங்களேன் என்று சொல்லாத ஆள் இல்லை. "எனக்கு இது போதும்" என்பதோடு முடித்துக்கொள்வார்.

சாலையில் அவர் சைக்கிள் ஓட்டுவதைப் பார்த்தால் யாருக்கும் முதலில் எரிச்சல்தான் வரும். நாம் எல்லாரும் சைக்கிள் என்றால் லோங்காங் ஓரமாகத்தான் போகவேண்டும் என்று நினைத்திருக்கிறோம். அவர் அந்தச் சாக்கடை ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளித்தான் ஓட்டுவார். "ஓரத்துல ஒடுங்கிப் போனா, நீங்கள்லாம் எடம் இருக்குன்னு நெனச்சி உரசிட்டுப் போவீங்க. கொஞ்சம் நடுவுல போனா ஹாரன் அடிப்பீங்க. ஹாரன் அடிச்சா என்னைப் பாத்துட்டீங்கன்னு அர்த்தம்," என்பார். திரும்பும்போது கையை முழுசாக நீட்டுவார். பாதி நீட்டுகிறவர்களைக் கண்டால் பிடிக்காது. "அது என்னா, எதையோ கெஞ்சிக் கேக்கிற மாதிரி? நான் போறேன்னு சொல்லு." ஹேண்டில்பாரில் உடைந்த மோட்டோவிலிருந்து கழற்றிய ஒரு கண்ணாடி. பின்னால் இரண்டு சிவப்பு விளக்கு. ஒன்று கெட்டுப்போனால் இன்னொன்று இருக்க வேண்டுமாம்.

எங்களை நெருங்கவைத்தது ஒரு சாவு.

அந்த முச்சந்தியில், ஒரு சாயங்காலம் வேலை முடிந்து சைக்கிளில் வந்த வங்காளதேசத் தொழிலாளி ஒருவர், இடது பக்கம் வளைந்த ஒரு லாரியின் பின்சக்கரத்தில் மாட்டிக்கொண்டார். எங்கள் கம்பெனி லாரி இல்லை. ஆனால் என்னுடையதைப் போன்ற லாரி. அந்த டிரைவர் கடைசிவரை, நான் பார்க்கவில்லை, நான் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். அன்று அவசரப் பிரிவில் அந்தத் தள்ளுவண்டியைத் தள்ளியது அக்கா.

இரண்டு நாள் கழித்து, ஓய்வு நாளில், அக்கா சைக்கிளிலேயே குனோங் ராபாட்டுக்கு எங்கள் லாரி நிறுத்துமிடத்துக்கு வந்தார். என் லாரி எண்ணையும் கதவில் எழுதியிருந்த கம்பெனி பேரையும் ஞாபகம் வைத்திருந்திருக்கிறார். நான் பயந்துபோனேன். இங்கேயும் வந்து கேள்வி கேட்கப் போகிறாரா என்று நினைத்தேன்.

"தினமும் காலையில எதிர்ல வருவான் அந்தப் புள்ள," என்றார். "எனக்குக் கை காட்டுவான். நானும் காட்டுவேன். அவன் பேரு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சிச்சு, மணிக்கட்டுல கட்டியிருந்த சீட்டுல." சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போட்டார். பிறகு, "தம்பி, அந்த டிரைவர் பொய் சொல்லலன்னு எனக்குத் தோணுது. என்னை உன் சீட்ல ஏத்தி உக்கார வை. நீ என் சைக்கிளை எடுத்துக்கிட்டுப் பக்கத்துல வா," என்றார்.

அவரைக் கைபிடித்து ஏற்றிவிட்டேன். நான் அவருடைய சைக்கிளில் லாரியின் இடது பக்கமாகப் பின்னாலிருந்து மெதுவாக வந்தேன். நான் கண்ணில் படாமல்போகும்போது ஒரு ஹாரன், மறுபடி பட்டால் இரண்டு ஹாரன் என்று பேசிக்கொண்டோம். தரையில் கிடந்த சுண்ணாம்புக்கல் துண்டு ஒன்றை எடுத்து, ஹாரன் கேட்ட இடத்தில் எல்லாம் கோடு கிழித்தேன். இப்படியே பத்துப் பன்னிரண்டு தடவை. கடைசியில் கோடுகளைச் சேர்த்தேன்.

கேபின் கதவில் தொடங்கி, வெளியே சரிந்து, பின்சக்கரம் வரை போனது அந்தக் கோடு. எங்கள் வீட்டு ஹால் அளவுக்கு இருந்தது. ஒரு காரை அதற்குள் நிறுத்திவிடலாம். பதினோரு வருடமாக ஒவ்வொரு நாளும் என் இடது பக்கத்தில் இவ்வளவு பெரிய இருட்டை வைத்துக்கொண்டு ஊர் முழுக்க ஓடியிருக்கிறேன். கீறல் இல்லாத டிரைவர் என்ற பேர் என் கெட்டிக்காரத்தனத்தால் வந்ததா, மற்றவர்களின் அதிர்ஷ்டத்தால் வந்ததா என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

அக்கா இறங்கி வந்து கோட்டுக்குள் நின்று பார்த்தார்.

"இத்தனை வருசமா உங்க மாதிரி டிரைவருங்க வேணும்னே பாக்க மாட்டேங்கிறீங்கன்னு நெனச்சேன் தம்பி. நீ பாக்கவே முடியாத எடத்துல போயி நின்னுக்கிட்டு, பாத்தியா பாத்தியான்னு கேட்டிருக்கேன். எனக்கும் தெரியல லா."

அந்த ஞாயிற்றுக்கிழமையே லாரியைக் கோயில் திடலுக்குக் கொண்டுவரச் சொன்னார். கம்பெனியில் கேட்டால் விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். கேட்காமலேயே கொண்டுபோனேன். அக்கா ஊரில் சைக்கிள் ஓட்டுகிறவர்களை எல்லாம் கூட்டி வைத்திருந்தார். பழைய பேப்பர் வாங்கும் சீனப் பெரியவர் ஒருவர், மழலையர் பள்ளி மலாய் ஆசிரியை ஒருவர், தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகளைச் சைக்கிளில் அனுப்பும் அம்மாக்கள், செத்துப்போனவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த வங்காளதேசத்துக்காரர்கள் ஐந்தாறு பேர். தரையில் நான் மறுபடியும் கோடு போட்டேன். கோட்டுக்குள் நாலு பேர் சைக்கிளோடு நிற்க, ஒவ்வொருவராக என் இருக்கையில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியில் பார்த்தார்கள். நாலு பேரில் ஒருவர்கூடத் தெரியவில்லை.

வங்காளதேசத்துக்காரர்களில் ஒருவர் ஏறினார். கண்ணாடியைப் பார்த்தார். அப்புறம் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். ரொம்ப நேரம் இறங்கவில்லை. வரிசையில் நின்ற யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

யாரோ அதைப் போனில் படம்பிடித்துப் போட்டுவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை தவுக்கே என்னைக் கூப்பிட்டார். எங்கள் முதலாளி ஒரு சீனர், அதிகம் பேசாதவர். போனை என் முன்னால் வைத்து, இது யார் லாரி என்று மலாயில் கேட்டார். உங்களுடையது என்றேன். சாவியை மேசையில் வை என்றார். எனக்கு இரண்டு பிள்ளைகள். அன்று வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று ஞாபகம் இல்லை.

எப்படியோ அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் மத்தியானம் ஷிப்டு முடிந்து சீருடையோடு நேராகக் கம்பெனிக்கு வந்துவிட்டார். நான் வாசலிலேயே மறித்தேன்.

"வேணாம்க்கா. நீங்க பேசுனா இன்னும் மோசமாப் போயிரும்."

"நான் பேச வரல தம்பி," என்று சொல்லி உள்ளே போனார்.

தவுக்கேயிடம் மலாயில் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார். நீங்கள் ஏறி உட்காருங்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன், நான் எந்த இடத்தில் நிற்கிறேன் என்று சொல்லுங்கள், சரியாகச் சொல்லிவிட்டால் நான் போய்விடுகிறேன். தவுக்கே இளவயதில் தானே லாரி ஓட்டியவர். ஏளனமாகச் சிரித்துக்கொண்டே ஏறினார். அக்கா இடது பக்கம் போய் நின்றார். தவுக்கே கண்ணாடியில் பார்த்தார். குனிந்து பார்த்தார். எழுந்து நின்று பார்த்தார். பின்சக்கரத்துக்குப் பக்கத்திலா என்று கேட்டார். கேபின் கதவுக்குக் கீழே இருந்து பதில் வந்தது.

அவர் இறங்கி வர நேரம் எடுத்தது. என்னிடம், ஒரு வாரம் வீட்டில் இரு என்றார். அது தண்டனையா விடுப்பா என்று இன்றுவரை அவர் சொன்னதில்லை. நான் திரும்பி வந்தபோது கம்பெனியில் எல்லா லாரிகளுக்கும் இடது பக்கமும் முன்பக்கமும் வட்டக் கண்ணாடிகள் மாட்டியிருந்தார்கள். இருட்டு முழுசாகப் போய்விடவில்லை, பாதிக்கு மேல் குறைந்திருந்தது.

அதற்குப் பிறகு எனக்குத் தலை கொஞ்சம் கனத்துப்போனது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இப்போது தவுக்கேயின் அனுமதியோடு, திடலுக்கு லாரி கொண்டுபோனேன். கூட்டத்தில் நின்று விளக்கம் சொன்னேன். சைக்கிள் பாதுகாப்பைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பு வந்துவிட்டது.

ஒரு சாயங்காலம் மழை விட்ட நேரம். என் சொந்தக் காரைப் பாய் கடைக்குக் கொஞ்சம் தள்ளி ஓரமாக நிறுத்தினேன். போன் அடித்தது. போனைப் பார்த்துக்கொண்டே கதவைத் திறந்தேன்.

சத்தம் பெரியதாகக்கூட இல்லை. கதவு எதன்மேலோ இடித்து என் பக்கமே திரும்பி வந்தது. வெளியே பச்சைச் சைக்கிளின் முன்சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா ரோட்டில் கிடந்தார்.

நிறுத்தி வைத்த கார்களிடமிருந்து ஒரு கதவு அகலம் தள்ளித்தான் அவர் எப்போதும் ஓட்டுவார். அன்று மழைத்தண்ணீர் தேங்கிய ஒரு குழியைத் தவிர்க்க உள்ளே ஒதுங்கியிருக்கிறார். பாய் கடையிலிருந்து ஓடிவந்தார். அக்கா முதலில் சொன்னது, "பாய், பின்னால வண்டி வருதான்னு பாருங்க. நிறுத்துங்க," என்பதுதான். பாய் நடுரோட்டில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். பிறகுதான் அக்கா என் பக்கம் திரும்பினார். என்னைப் பார்த்தார். பாத்தியா என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டார்.

இடது மணிக்கட்டு முறிந்திருந்தது, கழுத்துப் பட்டை எலும்பிலும் விரிசல். ஆஸ்பத்திரியில் அவரோடு வேலை செய்கிறவர்களே அவரைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளினார்கள். அவர்களுக்கு என்னைத் தெரியும். லாரித் தம்பி துணைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து ஒருத்தி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான்தான் செய்தேன் என்று அவளிடம் சொன்னேன். அப்புறம் போலீஸ் நிலையத்துக்குப் போய் அதையே எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் போனபோது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் அழுதேன். அழுது முடித்ததும் கேட்டார்.

"எந்தக் கையால கதவைத் திறந்த?"

"வலது கையாலக்கா."

"இனிமே இடது கையால திற. அந்த நாற்காலியில உக்காந்து பாரு. இடது கையைக் குறுக்கால கொண்டுபோனா ஒடம்பு தானாத் திரும்பும். ஒடம்பு திரும்புனா கண்ணு பின்னால போவும்."

நாற்காலியில் உட்கார்ந்து, இல்லாத கதவை இடது கையால் திறந்தேன். அவர் சொன்னது சரிதான். தோள் திரும்பியது, பின்கட்டிலில் இருந்த நோயாளி தெரிந்தார்.

"என்னை மன்னிச்சிருங்கக்கா."

"மன்னிக்கிறதெல்லாம் இருக்கட்டும். வர்ற ஞாயித்துக்கிழமை என்னால வர முடியாது. நீ போ. லாரியைப் பத்திப் பேசாத, இதைப் பேசு. யாரோ ஒருத்தர் கதவைத் திறந்தாருன்னு சொல்லாத. நான் திறந்தேன்னு சொல்லு."

அந்த ஞாயிற்றுக்கிழமை திடலில் நாற்பது பேருக்குமேல் இருந்தார்கள். அக்கா அடிபட்ட விஷயம் ஊருக்கே தெரியும், யாரால் என்பதுதான் எல்லாருக்கும் தெரியாது. என் மனைவியும் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். நான் முன்னால் போய் நின்று சொன்னேன். போன் அடித்தது, நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை, கதவைத் திறந்தேன், அக்கா விழுந்தார். அவ்வளவுதான் சொல்ல இருந்தது. சொல்லி முடித்ததும் மலாய் ஆசிரியை கை தூக்கி, எனக்குத் தமிழ் புரியவில்லை, மலாயில் சொல்லமுடியுமா என்று கேட்டார். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். இரண்டாம் முறை சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

யாரும் என்னைத் திட்டவில்லை. ஆசிரியை தன் காரைத் திடலின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். ஒவ்வொருவராக உட்கார்ந்து இடது கையால் கதவைத் திறந்து பழகினார்கள். பேப்பர் வாங்கும் பெரியவர், கார் இல்லாத மனிதர், அவரும் வரிசையில் நின்று ஒரு தடவை திறந்தார். ஒரு கீறல் இல்லாத டிரைவர் என்று பேர் வாங்கிய நாட்களைவிட அந்த நாளைப் பற்றித்தான் எனக்குப் பெருமை. என் பிள்ளைகள் இன்றைக்கும் கார் கதவை அப்படித்தான் திறக்கிறார்கள்.

கையில் மாவுக்கட்டோடு வீட்டில் இருந்த வாரங்களில் அக்கா சும்மா இருக்கவில்லை. வலது கையால் மாநகர மன்றத்துக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். முச்சந்தியில் வண்டிகள் நிற்கும் கோட்டுக்கு முன்னால் சைக்கிள்களுக்கென்று ஒரு கட்டம் போடுங்கள், சிவப்பு விளக்கில் நாங்கள் அதில் போய் நிற்கிறோம், அப்போது லாரிக்காரர் எங்களைப் பார்க்காமல் இருக்கவே முடியாது. இதுதான் எல்லாக் கடிதத்திலும் இருந்த விஷயம். ஆசிரியை மலாயைத் திருத்திக் கொடுத்தார். நான் கோட்டின் படத்தை வரைந்து கொடுத்தேன். கடைசியில் சாலைக்குக் கோடு போடும் பிரிவிலிருந்து இளம் அதிகாரி ஒருவர் இடத்தைப் பார்க்க வந்தார். அக்காவால் இன்னும் சைக்கிள் ஓட்ட முடியவில்லை. தன் சைக்கிளை அதிகாரியிடம் கொடுத்துவிட்டு, என் லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அதிகாரி சைக்கிளில் வந்து என் இடது பக்கம் நின்றார். அக்கா கண்ணாடியைக் காட்டி, "இப்ப அவரு எங்க இருக்காரு தம்பி?" என்று கேட்டார். புதுக் கண்ணாடியிலும் அவருடைய தொப்பியின் விளிம்பு மட்டும்தான் தெரிந்தது. அப்புறம் அதிகாரியையும் ஏற்றிக் காட்டினோம். இறங்கியபோது அவர் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. அதற்குப் பிறகும் பல மாதம் ஆனது. ஆனால் போட்டார்கள். வெள்ளைக் கட்டமும் அதற்குள் ஒரு சைக்கிள் படமும். பெயிண்ட் அடித்த அன்று அக்கா ஷிப்டு முடிந்து வந்து, அது காய்கிறவரை வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஓய்வு வயது வந்தது. மகள் லூமுட்டுக்குக் கூப்பிட்டாள். சாமான்களைக் கொண்டுபோக லாரி தருகிறேன் என்று தவுக்கே தானாகவே சொல்லியனுப்பினார். நான்தான் ஓட்டவேண்டும் என்றும் சொல்லியிருந்தார்.

கட்டில், அலமாரி, சாமி படங்கள் எல்லாவற்றையும் ஏற்றிக் கட்டினேன். சைக்கிளை எடுக்கப் போனேன். அக்கா கொடுக்கவில்லை.

"சாமானை நீ கொண்டுட்டுப் போ தம்பி. நான் இதுலேயே வாரேன்."

ஈப்போவிலிருந்து லூமுட் எண்பது கிலோமீட்டருக்குக் குறையாது. அறுபது வயது, முறிந்து சேர்ந்த கை. நான் என் மனைவியைப் பார்த்தேன், அவள் பாயைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொன்னாலும் பயன் இல்லை என்று எங்களுக்குத் தெரியும்.

வெளிச்சம் வந்ததும் கிளம்பினோம். முதலில் இருபது சைக்கிள் அவரோடு வந்தன. மெங்லெம்புவில் சிலர் நின்றுகொண்டார்கள், பூசிங் தாண்டியதும் மற்றவர்களும் கைகாட்டித் திரும்பினார்கள். அப்புறம் அந்த நெடுஞ்சாலையில் அவரும் நானும்தான். முன்னால் ஆரஞ்சு மேலங்கி. பின்னால் நான், எச்சரிக்கை விளக்குகள் நான்கையும் போட்டுக்கொண்டு, முதல் இரண்டு கியரிலேயே, இடது பாதையை அடைத்துக்கொண்டு. கார்கள் வலது பக்கமாகத் தாண்டிப் போயின. சிலர் திட்டினார்கள். அவ்வளவு அகலமான என் லாரியை மீறி ஒருவரும் அவர் பக்கத்தில் போகமுடியாது. லாரி இவ்வளவு பெரிதாக இருப்பதில் எனக்கு முதல் தடவையாகச் சந்தோஷம் வந்தது. ஸ்ரீ இஸ்கண்டாரில் இளநீர் குடித்தோம். போத்தாவில் ஒரு மரத்தடியில் கையை நீவிவிட்டுக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஏறிக்கொள்ளுங்கள் என்று நான் கேட்கவில்லை.

ஆயர் தாவாருக்கு முன்னால் போலீஸ்காரர் ஒருவர் மோட்டோவில் வந்து என் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஓட்டிக்கொண்டே கை காட்டினார். ஓரமாக நிறுத்தினேன். அக்கா கவனிக்காமல் போய்க்கொண்டிருந்தார். லாரியில் கோளாறா, ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறாய் என்று போலீஸ்காரர் கேட்டார். கோளாறு இல்லை என்றேன். ஏதாவது ஊர்வலமா, அனுமதி வாங்கியிருக்கிறீர்களா என்று கேட்டார்.

"ஊர்வலம் இல்லீங்க ஐயா," என்று மலாயில் சொன்னேன். "அவங்க வீடு மாறிப் போறாங்க. அவங்க சாமானைத்தான் நான் ஏத்திட்டுப் போறேன்."

அவர் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, தூரத்தில் சிறியதாகிக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தார். அப்புறம் என் பின்னால் வந்துகொண்டிருந்த வண்டிகளைக் கை நீட்டி நிறுத்தி, நான் மறுபடி ரோட்டில் ஏற வழி விட்டார்.

"சீக்கிரம் போ," என்றார். "அவங்க பின்னால யாரும் இல்ல."